கப்பலுக்குச் சட்டம் உண்டு, துறைமுகத்துக்கு?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



கடல் சட்டம் என்றதும் எல்லைத் தகராறு, மீன்பிடி உரிமை, எண்ணெய்க் கசிவு என்றுதான் நம் மனம் ஓடும். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது வேறு. ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்குக் கப்பலோடு போய் இறங்கி, அங்கேயே பெருகி, அங்கு காலங்காலமாக வாழ்ந்தவற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் உயிரினங்களைப் பற்றிய சட்டம் இது. ஐ.நா. ஆதரவில் இயங்கும் பன்னாட்டு அறிவியலாளர் குழு 2023 செப்டம்பரில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, நிலத்திலும் நீரிலுமாக 37,000க்கும் மேற்பட்ட அயல் உயிரினங்கள் புதிய இடங்களில் வேரூன்றியிருக்கின்றன. அவற்றில் 3,500க்கும் அதிகமானவை கேடு விளைவிப்பவை. 2019இல் மட்டும் இவற்றால் உலகுக்கு நேர்ந்த இழப்பு 42,300 கோடி டாலருக்கு மேல். ஆனால் இவற்றைக் கையாளவென்றே தனிச் சட்டம் வைத்திருக்கும் நாடுகள் 17 சதவீதம்தான் என்று அதே மதிப்பீடு சொல்கிறது.

நான் சட்டம் படித்தவன். உயிரியலாளர்கள் கண்டு சொன்னதை நம்பி, சட்டம் அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறது என்று பார்ப்பதே என் வேலை. அப்படிப் பார்த்ததில் எனக்குப் பட்ட ஒன்றைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன். சர்வதேசச் சட்டம் கப்பலைக் கட்டுப்படுத்தக் கற்றுக்கொண்டுவிட்டது. அந்தக் கப்பல் வந்து நிற்கும் துறைமுகத்தின் மீது கடமை சுமத்த இன்னும் கற்கவில்லை. இந்தக் குறை தீராதவரை, மீதியை எவ்வளவு திருத்தினாலும் பலன் அரைகுறையாகவே இருக்கும்.

1. முதலில் வழியைப் பார்த்துவிடுவோம். சரக்கை இறக்கிய கப்பல் எடை குறைந்து தண்ணீருக்கு மேலே எழும்பி நிற்கும். அப்படியே திறந்த கடலுக்குப் போனால் அலையில் தள்ளாடும். விசிறியில் பாதி தண்ணீருக்கு வெளியே வந்துவிடும். அதனால் நின்ற துறைமுகத்தின் தண்ணீரையே தொட்டிகளில் ஏற்றிக்கொண்டு புறப்படும். பாலாஸ்ட் என்று கப்பல்காரர்கள் சொல்வது இதைத்தான். அடுத்து எங்கே சரக்கு ஏற்றுகிறதோ அங்கே அந்தத் தண்ணீரை வெளியேற்றிவிடும். பெரிய கப்பல் ஒரே நடையில் 50,000 டன் வரை, சில சமயம் அதற்கு மேலும் தண்ணீர் சுமக்கும். அந்தத் தண்ணீரில் நண்டுக் குஞ்சும், சிப்பிகளின் இளம்புழுக்களும், நுண்பாசியும், நோய்க்கிருமியும் சேர்ந்தே பயணம் செய்கின்றன. தொட்டியின் அடியில் படியும் வண்டலில் நச்சுப்பாசிகளின் உறங்கு செல்கள் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

இதனால் என்ன ஆகும் என்பதை உலகம் கருங்கடலில் பார்த்தது. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையைச் சேர்ந்த நிமியோப்சிஸ் என்ற உயிர், பார்வைக்குச் சொறிமீனைப் போலக் கண்ணாடியாக இருப்பது, 1980களின் தொடக்கத்தில் பாலாஸ்ட் நீரோடு கருங்கடலுக்கு வந்து சேர்ந்தது. நெத்திலியின் முட்டையையும் குஞ்சையும் தின்றது. நெத்திலி தின்னும் மிதவையுயிர்களையும் தின்றது. 1989 வாக்கில் அந்தக் கடலில் எங்கு வலை போட்டாலும் அதுதான் ஏறியது. துருக்கியின் நெத்திலிப் பிடி ஓரிரு ஆண்டுகளில் பாதிக்கும் வெகு கீழே போனது. அளவுக்கு மீறிய மீன்பிடிப்பும் அதற்கு ஒரு காரணம் என்பதை மறைக்கக் கூடாது. என்றாலும், ஏற்கெனவே தளர்ந்திருந்த ஒரு தொழிலைப் படுக்க வைத்தது இந்தப் புதுவரவுதான். 1997இல் அதைத் தின்னும் பெரோயே என்ற இன்னொரு அயல் உயிர் அங்கே வந்த பிறகே நிலைமை தணிந்தது. அந்தத் தணிவில் எந்தச் சட்டத்துக்கும் பங்கில்லை. அதற்குள் நிமியோப்சிஸ் வோல்கா-தோன் கால்வாய் வழியாகக் காஸ்பியன் கடலுக்கும் போய்விட்டது. 1999இல் அங்கே அது கண்டறியப்பட்டதை அடுத்து, கில்கா மீனை நம்பியிருந்த ஈரானியக் கரையோர மக்களும் அதே அடியை வாங்கினார்கள்.

2. இதைத் தடுக்கும் கடமை நாடுகளுக்கு உண்டா? ஐயமில்லாமல் உண்டு. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தத்தின் 196ஆம் உறுப்பு இதைப் பற்றியது. வேண்டுமென்றோ தற்செயலாகவோ அயல் இனங்களைக் கடலின் ஒரு பகுதிக்குள் புகவிட்டுப் பெருங்கேடு நேராமல் தடுக்க, தேவையான எல்லா நடவடிக்கைகளையும் நாடுகள் எடுக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. 1992ஆம் ஆண்டின் உயிரியல் பன்மை ஒப்பந்தம் 8ஆம் உறுப்பின் எச் பிரிவில் தடுப்பு, கட்டுப்பாடு, ஒழிப்பு ஆகிய மூன்றையும் சொல்கிறது. இரண்டு ஒப்பந்தங்களிலும் இந்தியா உறுப்பு நாடு. 2024 மே மாதம் ஹாம்பர்க்கிலுள்ள சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயம் பருவநிலை மாற்றம் பற்றித் தந்த ஆலோசனைக் கருத்தில் இந்த 196ஆம் உறுப்பையும் எடுத்துப் பேசியது. கடல் சூடேறுவதாலும் அமிலமாவதாலும் அயல் உயிர்கள் நுழைவது அந்தக் கடமைக்குள் அடங்கும், அங்கே முன்னெச்சரிக்கை அணுகுமுறை கட்டாயம் என்று அது தெளிவுபடுத்தியது. நம் வழக்கறிஞர்கள் இன்னும் போதிய அளவு பயன்படுத்தாத கருத்து இது.

கடமை இருந்தது, அதை நிறைவேற்றும் கருவிதான் வெகுநாள் இல்லாமல் இருந்தது. 1980களின் இறுதியில் கனடா சர்வதேசக் கடல்சார் அமைப்பில் இந்தப் பிரச்சினையை எழுப்பியது. 1991இல் விருப்பத்தின் பேரில் பின்பற்றத்தக்க வழிகாட்டு நெறிகள் வந்தன. அதே ஆண்டு பெருவில் காலரா பரவியது. தென் அமெரிக்காவில் பரவிய அந்தக் கிருமி வகையே மெக்சிகோ வளைகுடாவின் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வந்த கப்பல்களின் பாலாஸ்ட் தொட்டிகளில் கண்டுபிடிக்கப்பட்டபோதுதான், மீனவர் பிரச்சினை என்று ஒதுக்கியவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஆனாலும் கட்டாயச் சட்டத்துக்கு 2004 பிப்ரவரி 13 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று லண்டனில் பாலாஸ்ட் நீர் ஒப்பந்தம் நிறைவேறியது.

நிறைவேறியதே தவிர நடைமுறைக்கு வரவில்லை. உலக வணிகக் கப்பல்களின் மொத்தக் கொள்ளளவில் 35 சதவீதத்தைக் கொண்ட 30 நாடுகள் சேர்ந்தால்தான் வரும் என்பது நிபந்தனை. கப்பல்களோ ஒருசில கொடி நாடுகளின் பதிவேட்டில் குவிந்திருக்கின்றன. அந்தச் சிலர் தயங்கினால் மற்ற எல்லோரும் நிற்க வேண்டியதுதான். 2016 செப்டம்பர் 8இல் பின்லாந்து சேர்ந்தபோது 52 நாடுகள் ஆயின, கொள்ளளவு 35.14 சதவீதத்தைத் தொட்டது. சரியாக ஓராண்டு கழித்து ஒப்பந்தம் உயிர்பெற்றது. அதற்குச் சற்று முன்னர் பழைய கப்பல்களுக்கு இன்னும் இரண்டு ஆண்டு தவணை கொடுத்தார்கள். எல்லாக் கப்பல்களும் சுத்திகரிப்பு அளவுகோலுக்குள் வர வேண்டிய கடைசி நாள் 2024 செப்டம்பர் 8. ஒப்பந்தம் நிறைவேறிய மாதத்தில் பிறந்த குழந்தைக்கு அப்போது இருபது வயது கடந்திருக்கும். அந்த இருபது ஆண்டுகளில் எத்தனை உயிர்கள் எத்தனை கடல்களில் இறங்கியிருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் அது ஒரு பெரிய சாதனை என்றே சொல்வேன். முதல் படி, நடுக்கடலில் தண்ணீரை மாற்றுவது: கரையிலிருந்து 200 கடல் மைலுக்கு அப்பால், 200 மீட்டர் ஆழத்துக்குக் குறையாத இடத்தில், கொள்ளளவில் 95 சதவீதத்தையாவது மாற்ற வேண்டும். இரண்டாவது படி, வெளியேற்றும் தண்ணீரையே அளப்பது: 50 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள உயிர்கள் ஒரு கன மீட்டருக்குப் பத்துக்குக் கீழே, 10 முதல் 50 மைக்ரான் வரை உள்ளவை ஒரு மில்லிலிட்டருக்குப் பத்துக்குக் கீழே, காலராக் கிருமி 100 மில்லிலிட்டரில் ஒரு தொகுதிக்கும் குறைவு. கண்ணுக்குத் தெரியாத உயிர்களை எண்ணிக் கட்டுப்படுத்தும் ஒரு விதியை உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்டது சிறிய காரியமல்ல.

3. ஆனால் இந்தச் சட்டம் எந்த அச்சில் வார்க்கப்பட்டது என்று பாருங்கள். எண்ணெய் மாசுக்காக 1970களில் உருவான ஒப்பந்தத்தின் அச்சு அது. கப்பலுக்கு ஒரு சான்றிதழ், ஒரு பதிவேடு, துறைமுகத்தில் ஓர் ஆய்வாளர். எண்ணெய்க்கு அது பொருந்தும். கொட்டிய எண்ணெய் எவ்வளவு கொடுமை செய்தாலும் நாளாக நாளாகக் குறையும். கொட்டிய சிப்பிப் புழு நாளாக நாளாகக் கூடும். குறைகிற பொருளுக்கு வெளியேற்றும் வாயில் போடும் அளவுகோல் போதும். கூடுகிற பொருளுக்கு அது தொடக்கம் மட்டுமே.

ஒரு கணக்குப் போடுவோம். 50,000 கன மீட்டர் தண்ணீரை வெளியேற்றும் கப்பல், விதியை அணுவும் பிசகாமல் பின்பற்றினாலும், பெரிய அளவு உயிர்களில் மட்டும் ஐந்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக இறக்கிவிட்டுப் போகலாம். சுத்திகரிக்காத தண்ணீரோடு ஒப்பிட்டால் இது மிகமிகக் குறைவு. அதனால் ஒரு புது இனம் காலூன்றும் வாய்ப்பும் வெகுவாகக் குறைகிறது. ஆனால் அந்த வாய்ப்பு பூஜ்யமாகவில்லை, ஆகவும் முடியாது. மிச்சமிருக்கும் வாய்ப்பைக் கண்காணிக்கும் கண் துறைமுகத்தில்தான் இருக்க வேண்டும்.

ஆய்வு எப்படி நடக்கிறது? பாலாஸ்ட் பதிவேட்டின் ஒரு பக்கத்தில் தேதி, நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, ஏற்றிய டன், இறக்கிய டன், கடைசியில் பொறுப்பு அதிகாரியின் கையெழுத்து இருக்கும். துறைமுக ஆய்வாளர் அதைப் பார்ப்பார், சான்றிதழைப் பார்ப்பார், ஐயம் எழுந்தால் தண்ணீர் மாதிரி எடுப்பார். மாதிரியை ஆராயும் நேரத்தைக் காரணம் காட்டிக் கப்பலைத் தேவையில்லாமல் தாமதப்படுத்தக் கூடாது என்று ஒப்பந்தத்தின் 9ஆம் உறுப்பு சொல்கிறது. வணிகத்தின் பார்வையில் அது நியாயமே. ஆனால் ஆய்வு முடிவு வருவதற்குள் தண்ணீர் துறைமுகத்தில் கலந்திருக்கவும், கப்பல் அடுத்த நாட்டை நெருங்கியிருக்கவும் கூடும். அதற்குப் பிறகு அந்தத் துறைமுகத்தில் என்ன முளைக்கிறது என்று பார்க்கச் சொல்லும் உறுப்பும் ஒன்று உண்டு, 6ஆவது. அது தன் நீர்ப்பரப்பில் விளைவுகளைக் கண்காணிக்க நாடுகள் முயல வேண்டும் என்ற அளவில் நின்றுவிடுகிறது. கப்பல் மீறினால் தண்டனை. துறைமுகம் பார்க்காமல் இருந்தால் எதுவுமில்லை. வாசலில் காவல் போட்டுவிட்டு, வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறையும் எட்டிப் பார்க்காததற்கு இது சமம்.

4. தொட்டிக்கு உள்ளே இருப்பதற்காவது சட்டம் வந்தது. கப்பலின் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு வருபவற்றுக்கு அதுவும் இல்லை. அடிப்புறத் தகடுகள், சுக்கான் இடுக்கு, கடல்நீரை உறிஞ்சும் வாய்ப்பெட்டிகள் ஆகிய இடங்களில் கொட்டலசும் சிப்பியும் பாசியும் அடர்ந்து வளரும். முன்பு டிபிடி என்ற வெள்ளீயச் சேர்மம் கலந்த வண்ணம் பூசி அவற்றைக் கொன்றார்கள். அந்த நஞ்சு கடல் நத்தைகளில் பெண்ணுக்கு ஆண் உறுப்பு முளைக்கும் அளவுக்குப் போனதால், 2001இல் நிறைவேறி 2008இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் அதைத் தடைசெய்தது. தடை சரியானது. ஆனால் அடிப்புறத்தைச் சுத்தமாக வைத்திருக்கும் கடமை அதோடு சேர்ந்து வரவில்லை. 2011இல் வந்த நெறிமுறைகளும் 2023இல் திருத்தப்பட்ட நெறிமுறைகளும் விருப்பத்தின் பேரிலானவை. நியூசிலாந்து காத்திருக்காமல் 2018 மே முதல் தன் துறைமுகங்களுக்கு வரும் எல்லாக் கலங்களுக்கும் இதைக் கட்டாயமாக்கியது. 2025 ஏப்ரலில்தான், கட்டாயத்தன்மை உள்ள ஒரு சட்ட ஏற்பாட்டை உருவாக்கும் பணியைத் தொடங்கலாம் என்று கடல்சார் அமைப்பின் சுற்றுச்சூழல் குழு ஒப்புக்கொண்டது.

நம் கரைக்கு இது மிக முக்கியம். முழுச் சரக்கோடு நிலக்கரி கொண்டுவரும் கப்பலின் தொட்டியில் பெரும்பாலும் பாலாஸ்ட் இருக்காது. அது இங்கே தண்ணீரை ஏற்றிக்கொள்ளுமே தவிர இறக்காது. அந்தக் கப்பல் நமக்குக் கொண்டுவரக்கூடியது அதன் அடிப்புறத்தில்தான் இருக்கும். பாலாஸ்ட் ஒப்பந்தத்தை மட்டும் நம்பியிருந்தால், இறக்குமதித் துறைமுகங்களுக்கு அது தரும் பாதுகாப்பு மிகக் குறைவு.

5. இப்போது மூன்று துறைமுகங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போம். என் வாதத்தின் உயிர்நிலை இங்கேதான்.

கருவரிச் சிப்பி என்று சொல்லத்தக்க மிட்டிலாப்சிஸ் சாலேயி, மெக்சிகோ வளைகுடா, கரீபியன் பகுதிகளைச் சேர்ந்தது. விரல்நுனி அளவுதான் இருக்கும். 1967இல் விசாகப்பட்டினம் துறைமுகத்தில் அது பதிவாயிற்று. நம் விஞ்ஞானிகள் கண்டார்கள், ஆராய்ந்தார்கள், நல்ல கட்டுரைகள் எழுதினார்கள். அதை அகற்றும் கடமை எந்த அதிகாரிக்கும் இல்லை. அதற்கான அதிகாரமும் பணமும் இல்லை. அந்தச் சிப்பி தங்கிவிட்டது. பிறகு மும்பையிலும் கேரளத்துக் காயல்களிலும் பதிவாயிற்று.

அதே சிப்பி 1999 மார்ச் இறுதியில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில், கல்லன் பே படகுத்துறையில் தென்பட்டது. துறைமுகத்தில் அயல் இனங்கள் உண்டா என்று தேடும் வழக்கமான கணக்கெடுப்புக்காக இறங்கிய முக்குளிப்பவர்கள் கண்டார்கள். சுமார் ஆறு மாதம் முன்னர் அதே இடத்தில் பார்த்தபோது ஒன்றும் இருக்கவில்லை. இப்போது சில இடங்களில் ஒரு சதுர மீட்டருக்கு 20,000க்கும் மேல். வட எல்லைப் பகுதி அரசு மீன்வளச் சட்டத்தின் அதிகாரங்களைப் பயன்படுத்திச் சில நாட்களுக்குள் படகுத்துறைகளை மூடியது. உள்ளே நின்ற படகுகளை நிறுத்திவைத்தது. அதற்குள் வெளியேறியிருந்த படகுகளை ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்துச் சோதித்தது. குளோரினும் செம்புச் சல்பேட்டும் தண்ணீரில் கொட்டப்பட்டன. அந்தப் படகுத்துறைகளுக்குள் இருந்த மற்ற உயிர்களும் சேர்ந்தே மடிந்தன. அது எளிதாக எடுக்கத்தக்க முடிவு அல்ல. ஏறத்தாழ ஒரு மாதத்தில் சிப்பி ஒழிந்தது. செலவு 20 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்குச் சற்று மேல்.

டார்வினுக்கு அதிர்ஷ்டமும் துணை நின்றது. அங்கே ஓத ஏற்ற இறக்கம் மிக அதிகம் என்பதால் படகுத்துறைகளுக்கு மதகுக் கதவுகள் உண்டு. தண்ணீரை அடைத்துவைக்க முடிந்தது. திறந்த துறைமுகத்தில் இது நடந்திருக்காது. ஆனால் அதிர்ஷ்டத்தைப் பயன்படுத்திக்கொள்ளவும் ஏற்பாடு வேண்டும். அங்கே மூன்று இருந்தன: முன்பு என்ன இருந்தது என்ற கணக்கெடுப்பு, உடனே மூடும் சட்ட அதிகாரம், உடனே ஒதுக்கத்தக்க பணம். சிப்பி பெரும்பாலும் உல்லாசப் படகு ஒன்றின் அடியில் ஒட்டிவந்தது என்றே கருதுகிறார்கள். அப்படியானால் பாலாஸ்ட் ஒப்பந்தம் அப்போதே நடைமுறையில் இருந்திருந்தாலும் அதைத் தடுத்திருக்காது. துறைமுகத்தின் ஏற்பாடுதான் தடுத்தது.

மூன்றாவது, நம் எண்ணூர். மத்திய, தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த மிட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா என்ற சிப்பி பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து என்று ஆசியாவில் பரவி, 2019இல் கேரளக் கரையில் பதிவாகி, எண்ணூர்-பழவேற்காடு கழிமுகத்திலும் படர்ந்தது. நம் மீனவர்கள் அதற்குக் காக்கா ஆழி என்று பெயர் வைத்தார்கள். கொசஸ்தலை ஆற்றில் மார்பளவு தண்ணீரில் இறங்கி, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, அடிச்சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவர்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். இறால் பதுங்குவதற்கு மெத்தென்ற சேறு வேண்டும். இந்த ஆழி கொத்துக் கொத்தாக ஒன்றோடொன்று நாரால் பிணைந்து அந்தச் சேற்றின் மீது விரிப்பாகப் படர்ந்துவிடுகிறது. துழாவும் கையில் இறால் வருவதில்லை, ஓட்டின் விளிம்பு கிழிக்கிறது. மஞ்ச மட்டி கிடைத்த இடங்களும் மூடிப்போயின. முதலில் கண்டவர்களும், படம் எடுத்தவர்களும், மனு எழுதியவர்களும் அந்த மீனவர்களே. விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு வரை போயிற்று. அகற்றும் வேலை எந்தத் துறையினுடையது, செலவு யாருடையது என்பதே அங்கே பெருங்கேள்வியாக நின்றது. ஒரு கோடையில் எடுத்திருக்க வேண்டியதை எடுக்க யாருக்குக் கடமை என்று தேடிக்கொண்டிருக்கும்போதே அது அடுத்த பருவத்தில் முட்டையிட்டுவிடும்.

இதில் நாம் பாதிக்கப்பட்டவர்கள் மட்டும் அல்ல. நாம் விரும்பிச் சாப்பிடும் பச்சை ஆழி இந்தோ-பசிபிக் கடலுக்குரியது. அது 1990இல் டிரினிடாடிலும் 1999இல் புளோரிடாவின் தாம்பா விரிகுடாவிலும் தோன்றி, அங்குள்ள மின்நிலையத்தின் குளிர்நீர்க் குழாய்களை அடைத்தது. அங்கிருந்து இங்கே ஒன்று, இங்கிருந்து அங்கே ஒன்று. எந்த நாடும் எப்போதும் கொடுப்பவராகவோ எப்போதும் வாங்குபவராகவோ இருப்பதில்லை. துறைமுகக் கடமையை எல்லா நாடுகள் மீதும் ஒரே மாதிரி சுமத்தலாம் என்று நான் சொல்வதற்கு இதுவே வலுவான காரணம்.

6. கப்பல் அல்லாத வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1869இல் திறந்த சூயஸ் கால்வாய் வழியாகச் செங்கடல் உயிர்கள் நூற்றுக்கணக்கில் மத்தியதரைக் கடலுக்குள் போய்விட்டன. நச்சுள்ள பேத்தை மீனும், கொட்டும் சொறிமீன் கூட்டங்களும் அவற்றில் உண்டு. கால்வாய் ஒன்று செய்யும் உயிரியல் விளைவுக்கென்று தனி ஒப்பந்தம் எதுவும் இல்லை. 2015இல் அதை அகலப்படுத்தியபோதும் இல்லை.

வளர்ப்புக்காகக் கொண்டுவருவது இன்னொரு வழி. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் வளர்க்கப்படும் கப்பாபைகஸ் பாசி தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்தது. 1980களில் ஆய்வுக்காக இந்தியாவுக்கு வந்து, பின்னர் வணிகப் பயிராயிற்று. 2008இல் மதுரை ஆய்வாளர்கள் அது குருசடைத் தீவின் பவளங்கள் மீது படர்ந்திருப்பதைப் பதிவுசெய்தார்கள். இராமநாதபுரம் கரையில் எத்தனையோ பெண்களுக்கு அந்தப் பாசிதான் கைக்காசு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 196ஆம் உறுப்பு வேண்டுமென்றே கொண்டுவருவதையும் சேர்த்தே பேசுகிறது. ஆனால் கப்பலுக்கு வந்தது போன்ற கட்டாய விதி வளர்ப்புக்கு உலக அளவில் வரவில்லை. பவளத்தைக் காக்கும் செலவை அந்தப் பெண்கள் தலையில் கட்டாமல் அதைச் செய்வது அரசின் பொறுப்பு.

7. பணம் யார் தருவது? எண்ணெய்க் கசிவுக்கு உலகம் பதில் கண்டிருக்கிறது. கப்பல் முதலாளிக்குக் காப்பீட்டோடு கூடிய பொறுப்பு. அதற்கு மேல் போனால், ஆண்டுக்கு 1,50,000 டன்னுக்கு மேல் கடல்வழியாக எண்ணெய் பெறும் நிறுவனங்கள் செலுத்தும் தொகையில் இயங்கும் சர்வதேச நிதி. அயல் உயிரினத்துக்கு இப்படி எதுவும் இல்லை. எந்தக் கப்பல் கொண்டுவந்தது என்று நிரூபிக்க முடியாது என்பதே சொல்லப்படும் காரணம். அந்தக் காரணம் தனிக்கப்பல் மீதான வழக்கைத்தான் தோற்கடிக்கும். பொது நிதியைத் தோற்கடிக்காது. துறைமுகத்துக்கு வரும் ஒவ்வொரு கப்பலும் அதன் அளவுக்கேற்பச் சிறு தொகை செலுத்தட்டும். அது கணக்கெடுப்புக்கும், உடனடி நடவடிக்கைக்கும், தொழில் இழந்தவர்களின் இழப்பீட்டுக்கும் போகட்டும்.

நம் சட்டத்தில் இதற்கு இடம் இல்லையா? இருக்கிறது. முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும், மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டையும் உச்ச நீதிமன்றம் 1996இல் இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் வழக்கில். நம் பாலாற்றங்கரைத் தோல் ஆலைகள் பற்றிய வழக்கு அது. 2010ஆம் ஆண்டின் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் தன் 20ஆம் பிரிவில் அவ்விரண்டையும் எழுதியே வைத்திருக்கிறது. கோட்பாடு நம்மிடம் பழகிப்போனது. அதைத் துறைமுகக் கட்டணப் பட்டியலில் ஒரு வரியாக ஆக்குவதுதான் மீதி.

8. கடைசியாக, இந்தியா செய்யக்கூடியவை. 2000இல் பாலாஸ்ட் பிரச்சினைக்காக உலக அளவில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆறு முன்னோடித் துறைமுகங்களில் மும்பையும் ஒன்று. தொடக்கத்திலேயே பேச்சுமேசையில் இடம்பெற்றிருந்த நாடு நாம். 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்பந்தத்தில் சேர ஒப்புதல் கொடுத்தது. 2017இல் அது நடைமுறைக்கு வந்தபோது நாம் அதில் சேர்ந்திருக்கவில்லை. அந்தத் தயக்கத்தின் விலையை மீனவர்கள் கொடுக்கக் கூடாது. கப்பல் அடிப்புறம் பற்றிய கட்டாயச் சட்டத்தை உருவாக்கும் பேச்சு இப்போது லண்டனில் நடக்கிறது. அங்கே போகும் நம் குழு, கப்பலுக்கு விதிக்கும் கடமையோடு துறைமுகத்துக்கும் ஆண்டுக் கணக்கெடுப்பைக் கடமையாக எழுதக் கேட்க வேண்டும். உயிரியல் பன்மை குறித்த குன்மிங்-மாண்ட்ரியல் உடன்பாட்டின் ஆறாவது இலக்கு, 2030க்குள் அயல் இனங்கள் நுழைந்து நிலைபெறும் வேகத்தைப் பாதியாகவாவது குறைக்கச் சொல்கிறது. இன்று எவ்வளவு நுழைகிறது என்று எண்ணாத துறைமுகம், பாதி குறைந்ததா என்று எப்படிச் சொல்லும்?

கணக்கெடுப்புக்குக் கப்பலும் ஆய்வகமும் வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. துறைமுகத் தூண்களில் தகடுகளைக் கட்டித் தொங்கவிட்டு, மாதம் ஒருமுறை எடுத்து, எது ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பதே அதன் அடிப்படை. நம் மீன்வளக் கல்லூரி மாணவர்களால் முடியும். ஆற்றின் அடியை ஒவ்வொரு நாளும் கையால் தொடுபவர்களை அந்தக் கணக்கெடுப்பில் ஊதியத்தோடு சேர்த்தால், புது உயிரை முதலில் கண்டு சொல்பவர்கள் அவர்களாகவே இருப்பார்கள். எண்ணூரில் அப்படித்தான் நடந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

இன்னொன்றை நாளைக்கே செய்யலாம். எந்த நீர்ப்பரப்பில் கேடு விளைவிக்கும் உயிர்கள் பெருகியிருக்கின்றனவோ, அங்கே பாலாஸ்ட் ஏற்றாதீர்கள் என்று கப்பல்களுக்கு அறிவிக்க அந்நாடு முயல வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் சி-2 விதி. அதற்கு உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை; 196ஆம் உறுப்பின் கடமையே போதும். எண்ணூரில் நிலக்கரியை இறக்கிவிட்டுத் தண்ணீர் ஏற்றும் கப்பல், காக்கா ஆழியின் புழுக்களையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு அடுத்த கரைக்குப் போகக்கூடும். டேராடூனில் உள்ள தேசிய நீரளவியல் அலுவலகம் மாலுமிகளுக்கான அறிவிப்புகளைத் தவறாமல் வெளியிட்டு வருகிறது. பரவியிருக்கும் பகுதியின் அட்சரேகை, தீர்க்கரேகை, இளம்புழுக்கள் மிதக்கும் மாதங்கள், அந்த மாதங்களில் தண்ணீர் ஏற்ற வேண்டிய மாற்று இடம் ஆகியவற்றோடு நான்கு வரி அந்த அறிவிப்பில் சேர்ந்தால் போதும். அந்த நான்கு வரிக்கான தகவலைத் தமிழ்நாடு அரசின் மீன்வளத் துறை எழுதி அனுப்ப வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.